நாற்பத்து மூன்று வயதில் ஒரு கார்டியன்

மாணவர் மருத்துவ நிலையத்தில் முதலில் என்னைப் பெற்றோர்களுக்கான பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள்.

கவுண்டரில் இருந்த எழுத்தர் சுப்பராமன் தலை நிமிராமலே சொன்னார். "பேரண்ட்ஸெல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா. பிள்ளையக் கூப்பிடுறப்ப நீங்களும் கூடப் போகலாம்."

மறுத்துச் சொல்ல உடம்பில் தெம்பில்லை. அந்தப் பெஞ்சுக்கு மின்விசிறிக் காற்று வந்தது. உட்கார்ந்துகொண்டேன். நாலைந்து மாணவர்கள் உள்ளே போய் வந்த பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை எங்கம்மா?"

"பிள்ளை லேப்ல இருக்கா. சீக்கு எனக்குத்தான்."

"இது ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தாம்மா. வெளி ஆளுகளப் பாக்க மாட்டாங்க."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். மரியாதைக்காக இல்லை. டோக்கன்கள் மாட்டிய ஆணி உயரத்தில் இருந்தது.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கிறவள். அந்த வருஷம் எம்.ஃபில். படிக்கப் படிப்பு விடுப்பு கிடைத்து, நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தேன். அதே வருஷம் என் மகள் மலர்விழியும் அங்கேயே எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். இருவருக்கும் ஒரே பெண்கள் விடுதி. அவள் மாடியில் தன் வயதுப் பெண்களோடு, நான் கீழே ஆராய்ச்சி மாணவிகளுக்கான அறையில். சேர்ந்த அன்றே எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள்.

"மெஸ்ஸுல என்னையப் பாத்து, சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாதும்மா. எல்லாரும் சிரிக்கிறாளுக."

அதை நான் மீறவில்லை. அவள் தட்டில் எவ்வளவு சோறு இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வேன்.

விடுதியில் சேரும்போது 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்று ஓர் இடத்தை நிரப்ப வேண்டும். மதுரையிலேயே இருக்கிற, பொறுப்பான ஒருவர். எல்லோரும் அதைக் கார்டியன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சொந்தபந்தமெல்லாம் மேற்கே காடு கரையோடு இருப்பவர்கள். நகரத்தில் யாரும் இல்லை. மலருக்குக் கார்டியன் என்று என் பெயரை எழுதினேன். எனக்கு யாரை எழுதுவது? மலருக்கு அப்போதுதான் இருபத்தொன்று முடிந்திருந்தது. பொறுப்பான பெண். மதுரையிலேதான் இருக்கிறாள். அவள் பெயரை எழுதினேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வார்டனும் நூறு தாள்களுக்கு நடுவே கையெழுத்துப் போட்டுவிட்டார். என் ஈரல் வீங்கும்வரை அதில் உள்ள சிக்கல் யாருக்கும் தெரியவில்லை.

நோய் அயர்ச்சியாகத்தான் ஆரம்பித்தது. நூலகத்தின் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். பிறகு தாளிக்கிற வாசனை பிடிக்காமல் போனது. மெஸ்ஸுக்குப் பத்தடி முன்னாலேயே குமட்டும். சிறுநீர் காப்பி டிகாஷன் போல இறங்கியது. வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னோடு படிக்கிற பெண் ஒருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கண்ணு என்ன மஞ்சப் பூசுன மாதிரி இருக்கு?" என்றாள். அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். நான் நெளிந்தேன்.

"காமாலை. ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்புறேன். பாக்காமலே சொல்லலாம், காமாலைதான்."

எனக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். பிறருக்கும் உதவும். நம் ரத்தத்தில் பழைய அணுக்கள் தினமும் உடைகின்றன. உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் மிஞ்சுகிறது. நல்ல ஈரல் அதைப் பிரித்துப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கெட்ட தண்ணீராலோ உணவாலோ கிருமி புகுந்து ஈரல் வீங்கினால் அந்த வேலை நின்றுபோகும். மஞ்சள் ரத்தத்திலேயே தங்கிக் கண்ணிலும் தோலிலும் ஏறும். இதற்கென்று தனி மருந்து கிடையாது. படுத்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது, மற்றவர்களுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. நூறு பிள்ளைக ஒரே தண்ணியக் குடிக்குதுக. இங்க நோயறையில சேருங்க. இல்லேன்னா டவுன்ல தொத்து நோய் ஆஸ்பத்திரி."

அந்த இரண்டில் எது என்பது என் வருஷத்தையே தீர்மானிக்கிற விஷயம். பள்ளியிலிருந்து என்னை விடுவிக்கிற உத்தரவு தாமதமாக வந்ததால் வகுப்பில் பிந்தித்தான் சேர்ந்தேன். அதிலேயே வருகை நாட்கள் குறைந்துவிட்டன. இன்னும் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், படிப்பு விடுப்பும் ரத்தாகும். இரண்டாம் முறை கேட்டால் கொடுக்கிற விடுப்பு இல்லை அது. வளாகத்து நோயறையில் படுத்திருக்கும் நாட்கள் வருகையில் சேரும். வெளியே எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சேராது. ஆக எனக்கு வேண்டியது அங்கே இருந்த நான்கு இரும்புக் கட்டில்களில் ஒன்று. நான்குமே காலியாகத்தான் கிடந்தன.

டாக்டரின் சீட்டோடு கவுண்டருக்கு வந்தேன். சுப்பராமன் என் தாள்களைப் பிரித்தார்.

"லோக்கல் கார்டியன் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. ஆள் விட்டிருக்கீங்களா?"

அந்த நேரத்தில்தான் மலர் ஓடி வந்தாள். யாரோ போய் லேபில் சொல்லியிருக்கிறார்கள். தாவணியில் அமில வாசனை. "அம்மா!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். காத்திருந்த பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"இந்தா வந்துட்டாளே என் கார்டியன்," என்றேன்.

சுப்பராமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பாப்பா, நீ ஹாஸ்டலா?"

"ஆமா சார்."

"ஹாஸ்டல்ல இருக்கறவங்க கார்டியனா இருக்க முடியாதே. அவங்களுக்கே ஒரு கார்டியன் வேணுமே. உன் கார்டியன் யாரு?"

மலர் என்னைக் காட்டினாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அதாவது, இவங்களுக்கு நீ. உனக்கு இவங்க."

"ஆமா சார்."

"யார் குடுத்த ஐடியா இது?"

"அம்மாதான் சார். அவங்களுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். என் கணவருக்குத் தந்தி கொடுக்கலாம் என்றேன். அவர் இருப்பது உசிலம்பட்டிக்கு மேற்கே, தோட்டத்தில். தந்தி போய் அவர் வந்து சேர மறுநாள் ஆகிவிடும்.

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "சுப்பராமன், அஞ்சு மணிக்குக் கவுண்டர் மூடுறதுக்குள்ள சேக்கிறதுன்னாச் சேத்துருங்க. இல்லேன்னா வேன்ல ஏத்தி டவுனுக்கு அனுப்பிருவேன். ராத்திரி அந்தம்மாவ எங்க வச்சுக்கிறது?"

"நீங்களே கார்டியனாப் போடுங்க சார்," என்றாள் மலர்.

"ஊழியர் போடக் கூடாது பாப்பா. போட்டிருக்கு."

"உங்க வீட்டுல யாராச்சும்?"

அவர் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்து, பிறகு அப்படியே நிறுத்தினார். அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை வரி வரியாகப் படித்தார். "வீட்டுல இருக்கறவங்களப் பத்தி ஒண்ணும் போடலையே," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனை இழுத்து, பழங்காநத்தத்தில் தன் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்குப் பேசினார். கடைக்காரரிடம் தமிழ், மனைவி வந்ததும் சௌராஷ்டிரம். அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. நடுவில் எம்.ஃபில்., காமாலை, கார்டியன் என்பவை மட்டும் காதில் விழுந்தன. பிறகு அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கிளம்புறேன்னு சொல்லுது," என்றார் போனை வைத்துவிட்டு. "பேரு கமலா."

மறுபடி அதே பெற்றோர் பெஞ்ச். பழங்காநத்தத்திலிருந்து அங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். மலரின் தோளில் சாய்ந்திருந்தேன். வெளியே வேன் டிரைவர் வண்டியைத் துடைத்து முடித்து, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அது நேர் எதிரே மாட்டியிருந்தது.

"அஞ்சு மணின்னா அஞ்சு மணிதானா சார்?" என்று மலர் கேட்டாள். குரலில் கோபமும் அழுகையும் இருந்தன.

"அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான் பாப்பா."

சொல்லிவிட்டு அவர் எழுந்தார். ஆணியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து, "கமலா, கார்டியன் மாற்றம்" என்று உரக்கச் சொல்லியபடி எழுதிக்கொண்டு, டோக்கனை மலரிடம் நீட்டினார்.

"அவங்க வர்ற வரைக்கும் நீ கையில வச்சிரு. டோக்கன் வாங்குன ஆளப் பாக்காமக் கவுண்டரச் சாத்தக் கூடாது. அதுவும் ரூலுதான்."

ஐந்து அடித்தது. அவர் வழக்கம்போலக் கவுண்டரின் மரக்கதவை இறக்கினார். பாதி இறக்கி நிறுத்திக்கொண்டார். அதற்குக் கீழே அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக, மேசைமேல். டாக்டரம்மா வெளியே வந்து பார்த்தார். பாதிக் கதவைப் பார்த்தார், மலர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்தாள். என்னைவிடச் சின்னவள். முகமெல்லாம் வேர்வை. கையில் நாலடுக்குத் தூக்கு. பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து சுப்பராமன் கேட்டார்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

"கஞ்சி வைக்க வேணாமா? சீக்காளியப் பாக்க வெறுங்கைய வீசிக்கிட்டா வருவாங்க?"

"நான் கையெழுத்துக்குத்தானே கூப்பிட்டேன்!"

"கையெழுத்தச் சாப்பிட முடியுமா?"

எங்களுக்கும் நியாயம் தெரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சண்டை போட்டார்கள். சீக்காளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது என்பது அந்தப் பெண்ணால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஒரு வருஷம் கைவிட்டுப் போக இருந்ததும் அந்தக் கஞ்சியால்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

சுப்பராமன் வரிசையாக நடத்தினார். முதலில் நான், மலரின் கார்டியனைக் கமலாவாக மாற்றிக் கையெழுத்து. அடுத்ததும் நானே, என் கார்டியனையும் அப்படியே மாற்றி. பிறகு கமலா, மலர் நோயறையில் எனக்குத் துணை இருக்க அனுமதி. கடைசியாக, என்னைச் சேர்க்க. ஒவ்வொன்றுக்கும் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கமலா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "கார்டியன்னா என்ன செய்யணும்?"

"இவங்க ரெண்டு பேருக்கும் நீ பொறுப்பு."

"எதுக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப முதல்ல இந்தப் பெஞ்சுல இருந்து எந்திரிங்கக்கா. போய்க் கட்டில்ல படுங்க."

டிரைவர் வேனைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நோயறையின் ஜன்னலுக்கு நேரே நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். காலையில் மலை எழுந்துகொள்ளாது, நானும் எழுந்துகொள்ள வேண்டியதில்லை என்று அதனிடமிருந்து ஓர் ஆறுதல். நோயைவிட அரிப்புதான் கொடுமை. மஞ்சள் தோலில் தங்கினால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. ராத்திரிகளில் மலர் ஈரத் துணியால் என் முதுகைத் துடைத்துக்கொண்டே பாடம் படிப்பாள். "இந்தப் பிலிருபின் இருக்கே, அது நாலு வளையத்தக் கோத்த சங்கிலிம்மா," என்று என் முதுகில் விரலால் வரைந்து காட்டுவாள். வேதியியல் எனக்குச் சுகமாக இருந்தது அப்போதுதான்.

நோயாளிகளுக்கு மெஸ்ஸிலிருந்து பிரட்டும் பாலும் வரும். காய்ச்சலுக்கும் அதுதான், கால் முறிவுக்கும் அதுதான். மாற்ற வேண்டுமென்றால் உணவுக் குழு கூட வேண்டுமாம். அது கூடவே இல்லை. கமலா தினமும் மத்தியானம் தூக்கோடு வந்தாள். எண்ணெய் படாத கஞ்சி, பருப்புத் தண்ணீர், வேகவைத்த பூசணி. வந்ததும் முதல் வேலை, டாக்டரம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என் கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பாள். பிறகுதான் தூக்கைத் திறப்பாள். தங்கள் வீடுகளில் முள்ளுமுருங்கை இலையை அரைத்துச் சுடுகிற வடையைப் பற்றிச் சொல்லுவாள். எனக்கு நாக்கு ஊறும்.

"ஒண்ணே ஒண்ணு கொண்டு வாயேன் கமலா."

"நான் சொல்ற வரைக்கும் எண்ணெய்ப் பண்டம் கிடையாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தில் பிலிருபின் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. அன்று மலர் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். ஈரல் கெட்டுப்போய்ச் செத்துப்போன எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எனக்கு ஞாபகம் வந்தார்கள். தேர்வு, விடுப்பு எதுவும் அன்று நினைவில் இல்லை. டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான். "ஏறித்தான் இறங்கும். பசிக்குதான்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும்." எனக்குப் பசித்தது. மலர் அப்போதுதான் அழுதாள்.

அன்று மலர் கொடுத்த தந்தி கிடைத்து மறுநாள் என் கணவர் வந்தார். ஒரு தோளில் கரும்புக் கட்டு, கையில் ஈரத் துணியில் சுற்றிய கீழாநெல்லி. சுப்பராமன் வழி மறித்தார்.

"நீங்க யாரு?"

"அவ புருசன்."

"பார்வை நேரம் முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல பாக்கணும்னா கார்டியன் அனுமதிக்கணும்."

"எந்தக் கார்டியன்? நானில்லாம எவன் அது?"

தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த கமலாவைச் சுப்பராமன் காட்டினார். முறுக்கிய மீசையும் கரும்புமாக என் கணவர் அவள் முன்னால் போய் நின்றார். அவரை நான் அவ்வளவு பணிவாகப் பார்த்ததில்லை.

"ஏத்தா, நீதேன் கார்டியனா? எம் பொஞ்சாதிய நான் ஒரு எட்டுப் பாத்துக்கிறவா?"

"பாருங்கண்ணே. கரும்ப மட்டும் வெளிய வைங்க. எறும்பு வரும்."

கீழாநெல்லியை அவள் டாக்டரம்மாவிடமே எடுத்துப் போய்க் கேட்டாள். டாக்டரம்மா அதை முகர்ந்து பார்த்தார். "ஓய்வுதான் மருந்து. நல்லாக் கழுவி, கொதிச்சு ஆறுன தண்ணியில அரைச்சுக் குடுத்தீங்கன்னா, நான் பாக்கல," என்றார்.

பிறகு நிஜமாகவே இறங்கியது. டாக்டரம்மா என்னைப் போகலாம் என்று சொன்ன அன்று, வெளியே விடவும் கார்டியன் கையெழுத்து வேண்டியிருந்தது. கமலா என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போய்க் கண்ணைப் பார்த்தாள்.

"ஓரத்துல இன்னும் மஞ்ச இருக்கு. நாளைக்குப் போடுறேன்."

"டாக்டரே எழுதிக் குடுத்தாச்சு!" என்றார் சுப்பராமன்.

"கார்டியன் நீங்களா, நானா?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். படித்தார். மூடி வைத்தார். இன்னொரு நாள் படுத்திருந்தேன். அந்த நாளும் வருகையில் சேர்ந்தது.

தேர்வு எழுதினேன். பட்டம் வாங்கினேன். திரும்பவும் என் பள்ளிக்கே வந்து சேர்ந்தேன். ஆனால் விடுதியை விட்டு வரும்போது கமலாவின் கார்டியன் பொறுப்பை ரத்து செய்யச் சுப்பராமன் மறந்துவிட்டார். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

இந்த வருஷம் தையில் மலருக்குக் கல்யாணம் நடந்தது, எங்கள் ஊரிலேயே. சுப்பராமனும் கமலாவும் பஸ் மாறி மாறி வந்தார்கள். கமலா கையில் ஒரு பெரிய தூக்கு. முகூர்த்தம் முடிந்து பந்தியில் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தேன். கமலா வந்து என் கையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு மலரிடம் கேட்டிருக்கிறார். "யாருத்தா அது? உங்க அம்மா கண்ணைப் பிடிச்சு என்ன பண்ணுது?"

"அவங்கதான் எங்க அம்மாவோட கார்டியன், அத்தை," என்றாளாம் மலர். "எனக்கும்."

கமலா கையை எடுத்தாள். "வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள். "வாங்கக்கா, இலையில உக்காருங்க." தூக்கைத் திறந்தாள். அடியிலிருந்து மேல்வரை முள்ளுமுருங்கை வடை.